மேகலா யாருக்குத் துணை?

மேகலாவை வெளியே அனுப்புவதற்காக ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி செந்தில்குமார் வார்டுக்குள் வந்து நின்றார்.

நர்ஸ் ஹெலன் மருந்து டிரேயோடு திரும்பிப் பார்த்தாள்.

பெண்கள் வார்டில் ஒரு கட்டில்தான் காலி. பகல் பணிக்கு நர்ஸ் என்று இருப்பவள் அவள் ஒருத்தி. கூட ஆள் போடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மேகலா ஆம்பூர் ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். மாமியாருக்குத் துணையாக வந்தவள், ஹெலன் தனியாக அல்லாடுவதைப் பார்த்தாள். நோயாளிகளுக்குத் துணை இருந்த பெண்களையெல்லாம் கம்பெனியில் போலவே லைன் கட்டிவிட்டாள். ஒருத்தி எல்லாருக்கும் தண்ணீர் கொடுப்பாள். ஒருத்தி புரட்டிப் படுக்க வைப்பாள். இன்னொருத்தி டிரிப்ஸ் பாட்டில்களையே பார்த்திருந்து, தீரும் நேரத்தில் குரல் கொடுப்பாள். ஊசியும் மருந்தும் மட்டும் ஹெலனுடைய வேலை.

காலையில் மாமியாரைத் தன் புருஷனோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, மேகலா மட்டும் திரும்பி வந்தாள். அதுதான் அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. ஒரு நோயாளிக்கு ஒரு துணை என்பது விதி. ஆள் இல்லாத வார்டுக்கு ஆள் போட மட்டும் விதி கிடையாது போலும்.

"உன் பேஷன்ட்தான் டிஸ்சார்ஜ் ஆய்ட்டாங்களே. இங்க யாருக்கும்மா துணை நீ? கெளம்பு."

மேகலா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

வார்டே ஹெலனைப் பார்த்தது. மேகலா போனால் லைன் கலைந்துவிடும். எந்தக் கோடியில் யாருக்கு மூச்சு முட்டுகிறது என்று ஹெலனுக்கு வந்து சொல்ல ஆள் இருக்காது.

கெஞ்சலாமா என்று நினைத்தாள். இத்தனை நாள் கெஞ்சியது போதும். கோபம் வந்தது, நல்ல கோபம்.

டிரேயை மேசையில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். காலிக் கட்டிலில் ஏறி, சீருடையோடு நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

"எனக்குத்தான் சார் துணை. இப்ப நானும் பேஷன்ட். டியூட்டி சிஸ்டரைக் கூப்பிடுங்க, பாக்கலாம்."

யாரோ சிரித்தார்கள். அதிகாரியின் முகம் சிவந்துபோனது.

மேகலாவும் சிரித்துக்கொண்டே பையைக் கீழே வைத்தாள். துணைக்கு இருப்பவள் மாதிரியே கட்டிலோரம் உட்கார்ந்து, விளையாட்டாக ஹெலனின் நெற்றியில் கை வைத்தாள்.

சிரிப்பு நின்றது. நெற்றி நெருப்பாகச் சுட்டது.

காலையில் காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்கு வந்ததை ஹெலன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் மாற்று ஆள் கிடையாது.

மேகலா அதிகாரி பக்கம் திரும்பினாள். "இன்னா சார் பாத்துக்கினு நிக்கிறீங்க? போய் டாக்டரைக் கூட்டினு வாங்க!"

செந்தில்குமார் ஓடினார்.