இரண்டாவது தடம்

தெருச்சத்தம் புகாமலிருக்க ஜன்னலில் தொங்கவிட்ட கம்பளியின் ஓரங்களில் மதிய வெயில் கசிகிறது. பாட்டு எழுதுகிறவன் கிட்டாரை மடியில் கிடத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து டேப் மெஷினை முறைக்கிறான். நான்கு தடங்கள் உள்ள பழைய மெஷின். முதல் தடத்தில் தாளம், இரண்டாவதில் மனைவியின் குரல். கிட்டாரை மூன்றாவதில் பதிந்திருக்க வேண்டும். அவள் குரல் காதில் விழுந்தால் தாளத்தைக் கோட்டைவிடுவோம் என்று அதைத் தணித்துவைத்தவன், பதிவுக் குமிழை இரண்டிலிருந்து மூன்றுக்குத் திருப்ப மறந்துவிட்டான். குரல் இருந்த இடத்திலேயே கிட்டார் ஏறி உட்கார்ந்துவிட்டது. யார் கேட்டாலும் பாடாதவள், இவன் கெஞ்சிக் கூத்தாடியதில் காலையில் ஒரே ஒருமுறை பாடிய குரல். டேப்பில் அழிந்தது அழிந்ததுதான். "மூளையை எங்கடா வச்ச?" என்று தன்னையே திட்டித் தொடையில் குத்திக்கொள்கிறான். இவ்வளவு நன்றாக அவன் கிட்டார் வாசித்ததே இல்லை என்பது கூடுதல் எரிச்சல். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே அவள் வந்து நிற்கிறாள். "போடுங்க, கேப்போம்." "மெஷினோட ஹெட்டைத் துடைக்கணும், அப்புறம் கேக்கலாமே." "அது எங்க ஓடிப்போகுது?" என்று அவளே பொத்தானை அழுத்துகிறாள். சக்கரங்கள் சுழல்கின்றன. இரைச்சல், தாளம், கிட்டார். துவட்டும் கை நின்றுவிடுகிறது. "நான் எங்க?" அவன் தரையில் கிடக்கும் வயரைச் சுருட்டத் தொடங்குகிறான். கிட்டார் ஓய்கிறது. அவன் பதிவை நிறுத்திய இடத்துக்கு அப்பால், அழியாமல் தப்பிய டேப்பிலிருந்து அவள் குரல் வெட்கத்தோடு கேட்கிறது: "சரியா வந்துச்சா?"