டோக்கன் வாங்காதவள்

ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாளா, அதற்கும் முந்தின நாளா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. திருத்தணி மலைப்படி அடிவாரத்தில் செருப்பு பார்த்துக்கொள்ளும் துளசிங்கத்தின் முன்னால், அவர் மகள் புவனா வழக்கம்போல வந்து நின்றாள்.

“நைனா.”

அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார். வெறுங்கால். அதற்கு மேல் பார்க்காமல் பெருமூச்சு விட்டார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போனவள். இரண்டு வருஷமாகத் தினமும் வருகிறாள், அவர் கண்ணுக்கு மட்டும். டாக்டர் மாத்திரை கொடுத்துப் பார்த்தார். கடைசியில் துளசிங்கம் தானே ஒரு வழி வைத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றி டோக்கன் வாங்கினால் ஆள், இல்லாவிட்டால் நினைப்பு. வெறுங்காலோடு வருகிறவர்களுக்கு இந்தக் கடையில் என்ன வேலை?

எப்போதும் நீலத் தாவணி. இன்றைக்கு மஞ்சள் புடவை. நினைப்புக்கும் புடவை மாற்றத் தெரிகிறதே என்று எண்ணிக்கொண்டார்.

“தெனம் வந்து நிக்கிறியே, அலுக்கலையாம்மா உனக்கு?”

“தெனமா? இன்னா நைனா சொல்றே?”

“ஆங், இத்த வேற கேளு.”

பக்கத்துப் பூக்கடை கௌரியம்மாள் இருந்தால், “யாராண்டய்யா பேசிக்கினு கீறே?” என்று சிரிப்பாள். தினமும் கேட்கிற கேள்விதான். நல்ல வேளை, டீ குடிக்கப் போயிருந்தாள்.

ஒரு காவடிக் கூட்டம் ‘அரோகரா’ என்று கடந்து படியேறியது. அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

“நீ நெசமா பொய்யான்னு பாத்துப் பாத்து ஓஞ்சுட்டேன்மா. பொய்யாவே இருந்துக்கோ, பரவால்ல. நான் சொல்றது நெசம். வாசப்படி மிதிக்காதேன்னு அன்னிக்குச் சொன்னேன் பாரு, அது தப்பு. மாப்பிள்ளையையும் இட்டுகினு வா. சோறு போடறேன்.”

புவனா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்துவிட அவர் கை எழுந்தது. தொட்டால் மறைந்துவிடுவாள். கையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

டீ குடித்துவிட்டு வந்த கௌரியம்மாள் வழக்கம்போல அவரைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தாள். சிரிக்கவில்லை.

“யோவ், அந்தப் பொண்ணுக்கு ஸ்டூலைக் குடுய்யா, நடந்து வந்த காலு ரத்தமா கீது!”