காய்ந்த கிண்ணம்

மனைவி விக்டோரியாவின் வேலைக்கு உலை வைப்பவன் துலுக்காணம்தான் என்று பாக்கியநாதனுக்கு அன்று மதியம் தெரிந்துபோயிற்று.

புதுவாயல் பக்கத்து நூல் மில்லில் புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் வேலை. ஒரு வாரமாக மதியமானால் அவள் மெஷினில் நூல் அறுந்து தள்ளியது.

"இன்னொரு தபா அறுந்துச்சு, ஊட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று மேஸ்திரி பூவராகவன் அவளை மிரட்டியிருந்தார்.

நூல் அறாமலிருக்கக் குழாய் வழியே நீராவி விடுவார்கள். சுவரில் இரண்டு தெர்மாமீட்டர். ஒன்றில் ஈரத்துணி சுற்றியிருக்கும். துணியின் வால் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடக்கும். ஈரத்துணி சுற்றியது சாதாரணமாகக் குறைத்துத்தான் காட்டும். இரண்டும் ஒரே அளவுக்கு வந்துவிட்டால், காற்று ஈரத்தை வயிறு முட்டக் குடித்துவிட்டது என்று அர்த்தம். உடனே நீராவியை மூடிவிட வேண்டும்.

கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது துலுக்காணத்தின் வேலை. பாக்கியநாதன் எட்டிப் பார்த்தான். கிண்ணம் காய்ந்து கிடந்தது, துணியும் மொடமொடவென்று. அப்புறம் இரண்டும் ஒன்றாகக் காட்டாமல் என்ன செய்யும்? இந்தச் சோம்பேறியால் நீராவி நிற்கிறது, பழி விக்டோரியா தலையில்!

நேரே மேஸ்திரியிடம் போய்ச் சொன்னான். அவர் துலுக்காணத்தைக் கூப்பிட்டார்.

"தண்ணி ஊத்தக்கூட கை வலிக்குதாய்யா உனக்கு?"

துலுக்காணம் தலையைக் குனிந்துகொண்டான். "மறந்துட்டேன் சார்."

அன்றே சீட்டைக் கிழித்தார்கள்.

"துலுக்காணம் அண்ணனை ஏன் நிறுத்திட்டாங்க?" என்று வீட்டில் விக்டோரியா கேட்டாள்.

"சோம்பேறி, தொலைஞ்சான். உனக்கின்னா?"

அவள் நெஞ்சை நீவிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

மறுநாளிலிருந்து கிண்ணம் தளும்பியது. நீராவி நிற்கவேயில்லை. ஒரு நூல்கூட அறவில்லை.

மூன்றாம் நாள் மதியம் விக்டோரியா மெஷின் மேலேயே சாய்ந்தாள். உடம்பெல்லாம் வியர்வை, ஒரு பொட்டு உலரவில்லை. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

திரும்ப வேலை கேட்டு மில் வாசலில் நின்றிருந்த துலுக்காணம்தான் ஓடிப்போய் வண்டி பிடித்து வந்தான், கூடவே ஏறிக்கொண்டான். பொன்னேரி ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே அவள் மூச்சு நின்றுவிட்டது. ரொம்ப நாளாகவே நெஞ்சு நோவு இருந்திருக்கிறது என்றார் டாக்டர்.

பாக்கியநாதன் தலையில் அடித்துக்கொண்டான். "நெஞ்சு நோவுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

"சொன்னா நீ வேலைக்கு அனுப்பமாட்டியாம்." துலுக்காணம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "'நூல் அறுந்தா திட்டு வாங்கிக்கறேண்ணா, இந்த ஆவில மூச்சு முட்டுனா இன்னா பண்றது?'ன்னு எங்கிட்டதான் அழுதுகினு நின்னுது. அதான் நான் தண்ணி ஊத்தல."