குணசீலன் தவளை

கொடைவள்ளல் குணசீலன் போலி மருந்து வழக்கில் கைதான செய்தி டிவியில் ஓடி முடிவதற்குள், அவர் தயவில் ஆராய்ச்சி செய்த விஞ்ஞானிகள் எல்லோரும் அவரோடு எடுத்துக்கொண்ட போட்டோக்களைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்கள். ஆய்வுக்கூட முகப்பில் இருந்த அவர் பெயருக்கும் சுண்ணாம்பு அடித்தாயிற்று. பேராசிரியர் இருதயராஜால் மட்டும் எதையும் மறைக்க முடியவில்லை. மலையில் தான் கண்டுபிடித்த கட்டைவிரல் அளவுத் தவளைக்கு அவர் குணசீலன் பெயரை வைத்துத் தொலைத்திருந்தார். அறிவியல் பெயரை ஒருமுறை வைத்துவிட்டால், வைத்தவரே காலில் விழுந்தாலும் மாற்ற முடியாது; வைத்தவர் பெயரும் அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும். அது புதுத் தவளையே அல்ல, ஏற்கெனவே தெரிந்ததுதான் என்று யாராவது நிரூபித்தால்தான் அந்தப் பெயர் ஒழியும்.

அப்படிச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தார், பக்கத்து அறை மங்கையர்க்கரசி. பன்னிரண்டு வருடமாக ஒரு மாநாடு விடாமல், "இது சாதாரண ஓடைத் தவளைங்க" என்று எழுந்து நின்று இவர் மானத்தை வாங்கியவர். இருதயராஜ் தவளை பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் கதவைத் தட்டினார்.

"மேடம், நீங்க சொன்னதுதான் சரி. நான் ஒரு மடையன். அதையே ஒரு கட்டுரையா எழுதிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மங்கையர்க்கரசி எழுந்து வந்து, முதன்முறையாக அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நேத்துதான் சார் மரபணு சோதனை முடிவு வந்துச்சு. என்னை மன்னிச்சிடுங்க. இது புதுத் தவளையேதான். இனிமே உலகம் உள்ளவரைக்கும் அவர் பேரும் உங்க பேரும் சேர்ந்தேதான் இருக்கும்."

பாட்டிலுக்குள்ளிருந்து குணசீலன் இருதயராஜைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.