இடது காது கேட்காத சிறுமி

குழந்தைகளின் கேட்கும் திறன் பற்றிய ஆய்வுக்கு இன்னும் ஒரே ஒரு குழந்தைதான் வேண்டியிருந்தது. யாரும் வரவில்லை. கட்டுரை தள்ளிப்போய்விடுமே என்ற பதற்றத்தில் ஆராய்ச்சி மாணவி ஒரு சிறுமியைத் தானே கற்பனை செய்து கணினியில் ஏற்றினாள். வயது ஏழு, இடது காது கேட்காது.

மறுநாள் காலை வரவேற்பறையில் ஒரு பெண் மகளோடு உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து இவளுக்கு இடது காது கேக்கலம்மா. ஏழு வயசுதான் ஆகுது."

சிறுமி வலது காதைத் திருப்பி அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாணவி நேராக ஆய்வு வழிகாட்டியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

"அந்தப் பொய்த் தகவலை முதல்ல அழிச்சிடு. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்றார் அவர்.

அழித்தாள். பிள்ளைக்குக் காது சரியாகியிருக்கும் என்ற நம்பிக்கையில் வரவேற்பறைக்கு ஓடினாள். அந்தப் பெண் மட்டும் இருந்தாள்.

"பாப்பா எங்கம்மா?"

"எந்தப் பாப்பா? எனக்குக் குழந்தையே இல்லையே."

அவள் முகத்தில் குழப்பம்கூட இல்லை. கை மட்டும் பக்கத்து நாற்காலிக்கு மேலே, ஒரு சிறுமியின் தலை உயரத்தில், காற்றைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது.