வாசலில் இரண்டு கிழங்கு

"இன்னிக்கும் வச்சிட்டான் பாருங்க!"

பாலகுருவின் கத்தல் சவூதியின் ஜுபைல் தொழிலாளர் கேம்ப் முழுக்கக் கேட்டது. அங்கே தமிழர்கள் கூடிச் சமைத்துச் சாப்பிடும் மெஸ்ஸுக்கு அவர்தான் பொறுப்பு.

வாசலுக்கு வெளியே, செய்தித்தாள் மேல், தோலோடு அவித்த இரண்டு உருளைக்கிழங்கு.

வைத்தவர் டோனல், வெல்டிங் இன்ஸ்பெக்டர். கம்பெனி கேன்டீன் பிடிக்காமல் இங்கே சேர்ந்த ஒரே வெள்ளைக்காரர்.

"சோத்தைத் தரையில வைக்கிற திமிரு இங்கிலீஷ்காரனுக்குத்தான் வரும்!"

அதில் ஒரு சொல்தான் டோனலுக்குப் புரிந்தது.

"ஐரிஷ்," என்று திருத்தினார். சண்டைக்கு நடுவிலும் பூகோளம் முக்கியம் அல்லவா!

"எதுக்கு வைக்கிறீங்க?" என்று மெஸ்ஸில் சாப்பிடும் சேதுமாதவன் ஆங்கிலத்தில் கேட்டு, பதிலைத் தமிழில் சொன்னார்.

"அவங்க அப்பா காலத்துல, கிராமத்துல கிழங்கை அவிச்சுக் கூடையில கொட்டி நடுவுல வைப்பாங்களாம். சுத்தி உக்காந்து, நகத்தால தோலை உரிச்சு, மோரோட சாப்பிடுவாங்களாம். பானையில போடும்போதே வழிப்போக்கனுக்கும் சேத்துப் போடணுமாம்."

"பாலைவனத்துல ஏதுய்யா வழிப்போக்கன்? இன்னிக்குப் பூனை வரும், நாளைக்கு எலி வரும். அப்புறம் மெஸ்ஸை மூடச் சொல்லி மேனேஜர் வருவான். இந்தாளு வேற இடம் பாக்கட்டும். கலாஸ், முடிஞ்சுது!" என்றார் பாலகுரு. சேதுமாதவன் அதை டோனலுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

"தினமும் காலியாகிறதே. யாரோ பசியோடு இருக்கிறார்," என்றார் டோனல்.

"யாருன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார் சேதுமாதவன்.

"பார்க்க மாட்டேன். பார்த்தால் அது பிச்சையாகிவிடும்."

"நீ பாக்க வேணாம், நான் பாக்கறேன்! திருட்டுப் பயலைப் பிடிச்சு மேனேஜர்கிட்ட ஒப்படைக்கிறேன். எல்லாரும் உள்ள போங்கய்யா!"

பாலகுரு கதவுக்குப் பின்னால் பதுங்கினார். சிறிது நேரத்தில் ஒரு கை நீண்டது. பாய்ந்து பிடித்தார்.

"மாட்டினியா, நாயே!"

சோலைமுத்து. பாலகுருவின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி. கேம்பில் துருத் தண்ணீர் வருகிறது என்று புகார் சொன்னதற்காக வேலை போய், ஊருக்கு டிக்கெட் வரும்வரை காத்துக் கிடப்பவன். அவனோடு சேர்ந்தால் தன் வேலையும் போய்விடும் என்று பாலகுருதான் அவனை மெஸ்ஸிலிருந்து விலக்கியிருந்தார்.

பாலகுருவின் பிடி தளரவில்லை.

சோலைமுத்து சொன்னான். "கையை விடுங்க மாமா. உள்ள காலை வைக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? வெளியிலதானே நிக்கிறேன்?"