நாற்பத்தேழாம் நம்பர்

“செத்தவ பேர்ல எவளோ விளையாடறா. யாருன்னு கண்டுபிடி. சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிடறேன்!” மேனேஜர் ராஜமாணிக்கம் கொதித்தார்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரோட்டில், குழந்தைகளுக்கான சிரப் தயாரிக்கும் ஃபேக்டரி அது. தரம் பார்க்கும் புது மென்பொருளை அங்கே நிறுவியவன் செந்தமிழ்செல்வன். கெட்ட பாட்டிலைப் பார்த்தால், பெண்கள் திரையில் தங்கள் நம்பரைத் தட்டி பெல்ட்டை நிறுத்தலாம்.

இந்த மாதம் இருபத்தொரு தடவை நின்றிருந்தது. எல்லாமே நாற்பத்தேழாம் நம்பர். லோகநாயகி.

லோகநாயகி இறந்து மூன்று மாதம் ஆகிறது.

அவன் உள்ளே போய் உட்கார்ந்தான். நாலு மேஜை, நாலு திரை. தொப்பியும் முகமூடியும் மாட்டிய பதினாறு பெண்களுக்குக் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. சுவரில் ‘உங்கள் குரலே எங்கள் தரம்’ என்று பெரிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

பதினொன்றரைக்கு முதல் மேஜையில் பெல்ட் நின்றது. திரையில் ‘லோகநாயகி’.

ஓடினான். எல்லாக் கண்களும் பாட்டில்கள் மேலேயே இருந்தன.

“யாருங்க அழுத்தினது?”

அவன் திரும்புவதற்குள் நாலாவது மேஜையின் பெல்ட்டும் நின்றது. அங்கேயும் ‘லோகநாயகி’.

பெல்ட்டை நிறுத்தி ஒதுக்கி வைத்திருந்த இரண்டு பாட்டிலையும் வெளிச்சத்தில் பிடித்தான். மருந்துக்குள் கண்ணாடித் துணுக்கு மினுங்கியது.

அவசரமாகப் பழைய பதிவுகளைப் பார்த்தான். இருபத்தொரு தடவையும் பாட்டில் நிஜமாகவே கெட்டது. உயிரோடு இருக்கிறவர்கள்கூட இத்தனை சரியாக வேலை பார்ப்பதில்லையே! அவனுக்குப் பயமாகவே இருந்தது.

கை கழுவும் இடத்தில் ஒருத்தி வந்து முகமூடியை இறக்கினாள். புவனகிரியிலிருந்து வரும் புஷ்பவள்ளி.

“நாங்கதான் சார். எல்லாருமேதான்.”

“ஏங்க இப்படி?”

“ஒங்க மெஷின்ல நிறுத்துனா எங்க பேரும் மேல போவுது. அப்பிடி நிறுத்துன ரெண்டு பேர மறுநாளே வர வேணாம்னுட்டாங்க. புள்ளைங்க குடிக்கிறது, சும்மா வுடவும் மனசு வரல. அந்த அக்காவ இனிமே யாரு என்னா பண்ண முடியும்?”

நம்பர் கேட்கும் கட்டத்தைத் திரையில் வைத்தவன் அவன்தான். வெட்கமாக இருந்தது.

மேனேஜர் அறைக்குப் போனான்.

“ஆளு யாருன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது சார்” என்றான். “லோகநாயகிதான். என் கண்ணால பார்த்தேன்.”